மல்லிகைக்கும் புட்டிக்கும் நடுவே: நறுமண இல்லங்களின் தத்துவமும் கைத்திறனும்

வாசனைக் கலவைகளைத் தன் பெயரில் உருவாக்கி, அவற்றுக்கென ஒரு மரபையும் உரிமை கொண்டாடி விற்கும் நிறுவனத்தை நறுமண இல்லம் என்று சொல்லலாம். பாரிசின் கெர்லேனும் ஷனேலும் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். இவ்வில்லங்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தத்துவம் எதன்மேல் நிற்கிறது, அவை போற்றும் கைத்திறன் உண்மையில் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகள் பெரும்பாலும் நிறுவனரின் ரசனை, புட்டியின் அழகு, பெயர்பெற்ற கலைஞரின் மூக்கு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. நவி மும்பையின் வடமுனையில் உள்ள ஐரோலியிலிருந்து பார்க்கும்போது இதே கேள்விகள் வேறு முகம் காட்டுகின்றன. ஐரோலிப் பாலத்தைக் கடந்தால் மறுகரையில் முலுண்டு. இந்தியாவின் பழைய வாசனை நிறுவனங்களுள் ஒன்றான எஸ். எச். கேல்கர் அங்கேதான் வேரூன்றியது. இக்கரையில், தானே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையில், உலகின் பெரிய நறுமண நிறுவனங்களுக்கு மூலப்பொருள் அனுப்பும் வேதியியல் நிறுவனம் இருக்கிறது. மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பூக்காரர்கள் முழம் போட்டு விற்கும் மல்லிகையின் சாறோ உலகின் விலையுயர்ந்த புட்டிகளுக்குள் போய்ச் சேர்கிறது. ஆகவே நறுமணத் தொழிலின் கைத்திறன் விளைவிப்பவர், பிரித்தெடுப்பவர், கூட்டுபவர் என மூவரிடம் பிரிந்து கிடக்கிறது என்பதும், ஓர் இல்லத்தின் தத்துவத்தை அது முதலிருவரை எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வாசனைப் பொருள்களைக் கணக்கிட்டுக் கூட்டுவது ஒரு கலை என்ற எண்ணம் ஐரோப்பாவில் பிறந்ததன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவியின் கூந்தலை நீராட்டப் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரைப் பயன்படுத்தியதாகச் சொல்கிறது. துவர் என்பது துவர்ப்புச் சுவையுள்ள பட்டை, காய் முதலியவற்றையும், விரை என்பது நறுமணப் பொருள்களையும், ஓமாலிகை என்பது நீரில் ஊறவைக்கும் பல்வகை வாசனைச் சரக்குகளையும் குறிக்கும். அந்த ஐந்து விரைகளைக் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று உரைமரபு எண்ணிக் காட்டுகிறது. இவற்றுள் ஆரம் சந்தனம். இவ்வகைப் பொருள்களைச் செய்து விற்போருக்கு வாசவர் என்று தனிப்பெயர் இருந்ததும், புகார் நகரில் அவர்களுக்கென்று இடம் இருந்ததும் கவனிக்கத் தக்கவை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கூட்டுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, 16 பொருள்களிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 1,820 கூட்டுகள் கிடைக்கும் என்று கணக்கிடுகிறார். கணிதம் அறிந்தவர் ஒருவர் வாசனைச் சேர்மானங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் காட்டினார் என்பதே, அக்காலத்தில் இத்தொழில் எவ்வளவு ஒழுங்குபட்ட அறிவாக இருந்தது என்பதற்குப் போதிய சான்று.

ஐரோப்பிய நறுமணத் தொழிலின் தாய்வீடான பிரான்சின் கிராஸ் நகரம் தொடக்கத்தில் தோல் பதனிடும் ஊர். பதனிட்ட தோலின் நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு வாசனை ஏற்றும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் பரவியதும், கையுறை செய்வோரே வாசனை செய்வோராகவும் ஆயினர். பின்னர் தோல் தொழில் தேய, மலர் வயல்களும் சாறு எடுக்கும் கூடங்களும் நிலைத்தன. மும்பைத் தமிழர்க்கு இவ்வரலாறு தாராவியை நினைவூட்டாமல் இராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். தொழிற்கூடங்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்ட பின்னும் தோல் பொருள் கடைகள் இன்றும் அங்கே உள்ளன. தாராவியின் தோல் ஏன் கிராசின் வழியில் போகவில்லை என்ற கேள்விக்கு ஒரு விடை நிலத்தில் இருக்கிறது. கிராசின் மலைச்சரிவில் மல்லிகையும் ரோஜாவும் தோல் கூடத்துக்கு எட்டும் தொலைவில் விளைந்தன. மும்பைக்கு மலர் வெளியூரிலிருந்து மூட்டையாகத்தான் வந்தது, அதுவும் சாமிக்கும் தலைக்கும் போதுமான அளவில் மட்டுமே. மும்பையின் வாசனைத் தொழில் பூவிலிருந்து பிறக்காமல் சோப்பு, கூந்தல் எண்ணெய், ஊதுபத்தி ஆகியவற்றின் தேவையிலிருந்து பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நவீன நறுமண இல்லத்தின் தத்துவம் ஒரு வேதியியல் நிகழ்விலிருந்து தொடங்குகிறது என்றால் மிகையில்லை. 1868இல் வில்லியம் பெர்கின் கூமரின் என்னும், காய்ந்த புல்லை நினைவூட்டும் மணப்பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1874இல் வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலின் அவ்வாறே செய்யப்பட்டது. 1882இல் ஊபிகான் இல்லத்தின் ஃபூழேர் ரோயால் கூமரினைப் பயன்படுத்தியது. 1828இல் தொடங்கப்பெற்ற கெர்லேன் இல்லத்தின் ஜிக்கி, 1889இல் கூமரினையும் வனிலினையும் இயற்கைச் சாறுகளோடு கலந்தது. அதுவரை வாசனை என்பது ஏதோ ஒரு பூவைப் போன்றிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. இவற்றுக்குப் பின், இயற்கையில் எங்கும் இல்லாத ஒரு மணத்தைக் கற்பனையால் கட்டலாம் என்று ஆயிற்று. 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய ஷனேல் 5, ஆல்டிஹைடுகள் எனப்படும் கூர்மையான செயற்கை மணப்பொருள்களைக் கிராஸ் மல்லிகையின் மேல் ஏற்றியபோது இக்கொள்கை முழு உருப் பெற்றது. செயற்கைப் பொருள் மலிவுக்காக வந்த மாற்று என்று இந்தியாவில் பரவலாக நிலவும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. உயர்தர வாசனையின் கலைச் சுதந்திரமே அதனால்தான் கிடைத்தது.

கூட்டுபவரின் வேலை வெளியில் பேசப்படுவதைவிட மிகவும் அடக்கமானது. நூற்றுக்கணக்கான சிறு புட்டிகள், மில்லிகிராம் வரை காட்டும் தராசு, முகர்தாள் எனப்படும் ஒல்லியான காகிதக் கீற்றுகள், எழுதி அடித்துத் திருத்திய சூத்திரம், இவைதான் அவர் மேசை. ஒரு கூட்டைத் துளித்துளியாக எடையிட்டு, தாளில் நனைத்து, உடனே ஒரு முறையும், சில மணி நேரம் கழித்து மறுமுறையும், மறுநாள் இன்னொரு முறையும் முகர்ந்து பார்ப்பார். ஏனெனில் எலுமிச்சை வகைகள் போன்ற இலேசான பொருள்கள் சில நிமிடங்களில் பறந்துவிட, மலர் மணங்கள் சில மணி நேரம் நிற்க, சந்தனம், பிசின், கஸ்தூரி வகைகள் நாள் கடந்தும் தங்கும். மேல்மணம், நடுமணம், அடிமணம் என்று தொழிலில் வழங்கும் பகுப்பு இந்த ஆவியாகும் வேகத்தையே குறிக்கிறது. மல்லிகைச் சாற்றில் இயல்பாகவே உள்ள இன்டோல் என்னும் பொருளைத் தனியே எடுத்து முகர்ந்தால் அந்துருண்டையும் அழுகலும் சேர்ந்த வாடை வீசும். ஆனால் அதை அடியோடு நீக்கிய மல்லிகைக் கலவை சோப்புக் கட்டியின் மணத்தோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு அழுக்கை விட்டுவைத்தால் பூ உயிரோடு இருக்கும் என்று தீர்மானிப்பதுதான் இக்கலையின் உள்ளீடு. இதைக் கருவி சொல்லிவிடாது, பல்லாண்டுப் பயிற்சியே சொல்லும்.

இனி அந்தப் பூவுக்கு வருவோம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், ஜாதிமல்லி அல்லது பிச்சி எனப்படும் வகையும் நறுமணத் தொழிலுக்குப் பயன்படும் இரு முக்கிய மல்லிகைகள். மணத்தில் இரண்டும் வேறுபட்டவை: ஜாதிமல்லியின் சாறு பழக்கூழ் போலக் கனமானது, மதுரை மல்லியின் சாற்றில் பச்சை வாடையும் ஆரஞ்சுப் பூவின் சாயலும் தெரியும். ஜாதிமல்லியை விடியும் முன்பே பறிக்கத் தொடங்குவார்கள். வெயில் ஏற ஏற மணம் பறந்துவிடும். மதுரை மல்லியோ காலையில் இறுகிய மொட்டாகப் பறிக்கப்பட்டு, மாலைக்கு மேல்தான் விரியும். மணம் விரியும்போதுதான் பிறக்கிறது என்பதால், சாறு எடுக்கும் ஆலையில் மொட்டுகளை வந்தவுடன் கொட்டிவிட முடியாது. மூட்டையைப் பிரித்துத் தரையில் மெல்லிய படுகையாகப் பரப்பி, புழுங்கிவிடாமல் காற்றாடவிட்டு, இரவில் அவை வாய் திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து, பின்பே கலனில் இடுவார்கள். அவசரப்பட்டால் பச்சை வாடை மிகும். தாமதித்தால் பூ பழுத்துச் சாறு கெடும்.

கலனில் பூக்களின்மேல் ஹெக்சேன் என்னும் கரைப்பான் ஊற்றப்படும். அது மணத்தையும் மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சும் கெட்டியான மெழுகுப் பொருளுக்குத் தொழிலில் காங்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடித்து நீக்கினால் அப்சல்யூட் எனப்படும் தூய சாறு கிடைக்கும். ஜாதிமல்லியில் ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறத்தாழ 700 முதல் 800 கிலோ பூ வேண்டும். ஒரு கிலோவில் பூக்கள் பல ஆயிரம், அத்தனையும் கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளியவை. இந்தக் கணக்கின் முன் புட்டியின் விலையைப் பார்த்து வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்புக்குரியது அந்த விலையில் கிள்ளிய விரலுக்குப் போய்ச் சேரும் பங்கின் சிறுமைதான். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் பூ, சந்தையில் வரத்து பெருகும் நாளில் விழுந்துவிடும். அப்போது மிச்சப் பூவைச் சென்ட் ஆலைகள் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஆக, கல்யாணப் பந்தலுக்கு வேண்டாத பூவே பாரிசின் புட்டிக்குப் போகிறது என்ற தலைகீழ் நிலை தமிழகத்தில் நிலவுகிறது. நிலையான விலை ஒப்பந்தத்தில் பூ வாங்குவது மட்டுமே இதை மாற்றும். கிராசை அடுத்த பெகோமாவில் மல்லிகையும் ரோஜாவும் விளைவிக்கும் மியூல் குடும்பத்துடன் ஷனேல் 1987 முதல் வைத்துள்ள நீண்டகால ஏற்பாடு அத்தகையது. தமிழகத்தின் ஜாஸ்மின் காங்கிரீட் நிறுவனத்துடன் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிச் 2014இல் கூட்டுச் சேர்ந்தது, வெளிநாட்டு நிறுவனங்களும் மூலத்தை நோக்கி நகர வேண்டியிருந்ததைக் காட்டுகிறது.

மல்லிகையை ஆராய்ந்த வேதியியலே மல்லிகைக்கு ஒரு போட்டியாளரையும் பெற்றெடுத்தது. மல்லிகை மணத்தின் கூறுகளை ஃபிர்மெனிச் ஆய்வாளர்கள் பிரித்தபோது கிடைத்த தடயத்திலிருந்து பிறந்தது ஹெடியோன். காற்றோட்டமான, எலுமிச்சை கலந்த மல்லிகையின் நிழல் போன்ற மணம் அதற்கு. 1966இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா உருவாக்கிய ஓ சோவாழ் அதை அறிமுகப்படுத்திய பின், இன்று அது இல்லாத நறுமணக் கூட்டைக் காண்பதே அரிது. ஆனாலும் மல்லிகை வயல்கள் அழியவில்லை. ஹெடியோன் பூவுக்கு இடமும் வெளிச்சமும் தருகிறது, பூவின் உடலைத் தருவதில்லை.

சந்தனத்தின் கதை இதைவிடத் துயரமானது. முதல் உலகப் போரால் ஜெர்மனிக்குக் கட்டை ஏற்றுமதி நின்றபோது, 1916இல் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கும் ஆலையை நிறுவியது. மூலப்பொருளை மட்டும் விற்பதை விட்டு, பிரித்தெடுக்கும் கைத்திறனையும் நாட்டிலேயே வைத்துக்கொள்ளும் தொலைநோக்கு அதில் இருந்தது. மைசூர் சந்தன எண்ணெயே உலகின் அளவுகோலாயிற்று. 1989இல் கெர்லேன் வெளியிட்ட சம்சாரா, சந்தனத்தையும் மல்லிகையையும் பெரும் அளவில் கொண்டிருந்தது. பெயர் சமஸ்கிருதம், பொருள் தென்னிந்தியம், உரிமை பாரிசு! அதே இல்லம் 1925இல் முகலாயத் தோட்டத்தின் பெயரால் ஷாலிமாரை வெளியிட்டிருந்தது. பெயர் எடுப்பது தவறன்று, ஆனால் பொருளை விளைவித்த நிலத்துக்கு ஏதேனும் திரும்பியதா என்று கேட்பதும் தவறன்று. காடுகள் களவாடப்பட, தனியார் நிலத்திலும் மரம் அரசுக்கே சொந்தம் என்ற பழைய சட்டம் விவசாயி மரம் வளர்க்கும் ஆர்வத்தையே கொன்றது. சத்தியமங்கலம், ஜவ்வாது மலைப் பகுதிகளில் நடந்த கடத்தல் தமிழகத்தார் அறிந்ததே. கர்நாடகமும் தமிழகமும் 2000களின் தொடக்கத்தில் சட்டத்தைத் தளர்த்தின. வைரம் பாய்ந்து எண்ணெய் சேர 15, 20 ஆண்டுகளாவது ஆகும் மரத்தில், இந்தத் தாமதத்துக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது டர்பன்டைன். பைன் மரத்திலிருந்து கிடைக்கும் டர்பன்டைனின் முக்கியக் கூறான ஆல்ஃபா பைனீன், பல படி மாற்றங்களுக்குப் பின் சந்தன மணமுள்ள செயற்கைப் பொருள்களாகிறது. கோயில்களில் ஆரத்திக்குக் காட்டும் கற்பூரத்தின் பெரும்பகுதியும் அதே பைனீனிலிருந்துதான் வருகிறது. ஐரோலியை ஒட்டிய தொழிற்பேட்டையின் முக்கியத்துவம் இங்கேதான். கோப்பர் கைரனேயைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிவி நிறுவனம், காகித ஆலைகளின் உபபொருளான கச்சா டர்பன்டைனை வாங்கி, மகாட் ஆலையில் டைஹைட்ரோமிர்செனால் முதலிய மணப்பொருள்களாக மாற்றி உலகெங்கும் அனுப்புகிறது. 1982இன் டிராக்கார் நுவார், 1988இன் கூல் வாட்டர் ஆகியவற்றுக்குப் பின் ஆண்களுக்கான வாசனைகள் பலவற்றிலும் பரவிய அந்தக் குளிர்ந்த, துவைத்த துணி போன்ற மணம் டைஹைட்ரோமிர்செனாலினுடையது. உலகம் தூய்மை என்று முகர்ந்து பழகிய மணத்தில் ஒரு பகுதி, எந்தப் பளபளப்பும் இல்லாத இந்த நெடுஞ்சாலைத் தொழிற்பேட்டையின் வணிகத்தில் அடங்குகிறது.

கழிமுகத்தின் மறுகரையில், 1922இல் தொடங்கிய எஸ். எச். கேல்கர் நிறுவனத்தின் பாதை வேறு. அது மணப்பொருள் செய்வதோடு நில்லாமல் கூட்டும் கலையையும் வளர்த்தது. சோப்பு நிறுவனத்துக்கும் ஊதுபத்திக்காரருக்கும் கூந்தல் எண்ணெய்க் கம்பெனிக்கும் வேண்டிய மணத்தைச் செய்துகொடுத்து, 2015இல் பங்குச்சந்தைக்கு வந்தது. முலுண்டில் கேல்கர் கல்வி அறக்கட்டளையின் வசே கல்லூரி நறுமணவியலில் பட்டமேற்படிப்புப் பட்டயம் நடத்துகிறது. 1933இல் தொடங்கி மாட்டுங்காவில் இயங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறையில் உயர்படிப்பு தருகிறது. பிரான்சின் வெர்சாயில் 1970இல் ஒரு நறுமணப் பள்ளி எழுந்தது எவ்வளவு கொண்டாடப்படுகிறதோ, அந்த அளவில் மாட்டுங்காவும் முலுண்டும் பேசப்படவில்லை. ஊதுபத்திக்கு மணம் செய்வது தாழ்ந்த வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று கருத இடமுண்டு. உண்மையில் அது கடினமான வேலை. தோலில் மெல்ல ஆவியாகும் வாசனையைவிட, எரிந்து புகையும்போது சிதையாமல் மணக்கும் கூட்டைக் குறைந்த செலவில் அமைப்பது எந்தக் கலைஞருக்கும் சோதனை. எளியவர் வீட்டுப் பூஜையறைக்குச் செய்த மணத்தில் கைத்திறன் குறைந்துவிடுவதில்லை.

இத்தொழிலில் செய்தவர் பெயர் மறைவது சட்டத்தோடும் பின்னியது. வாசனைச் சூத்திரத்தைக் காப்புரிமைக்கு வெளியிட்டால் இரகசியம் போய்விடும். பதிப்புரிமையோ நாட்டுக்கு நாடு மாறுகிறது. 2006 ஜூன் மாதத்தில், சில நாள் இடைவெளியில், பிரான்சின் உச்ச முறைமன்றம் வாசனை பதிப்புரிமைக்கு உரிய படைப்பு அன்று, தொழில்திறனின் விளைவே என்றும், நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லங்கோமின் ட்ரெசோர் வழக்கில் வாசனையும் படைப்பே என்றும் தீர்ப்பளித்தன. கருவியால் கூறுகளைப் பிரித்து நகல் செய்வது எளிதாகிவிட்ட காலத்தில், பிரெஞ்சுத் தீர்ப்பு கைத்திறனைப் படைப்பிலிருந்து பிரித்துத் தாழ்த்தியது வருந்தத் தக்கது. ஃபிரெடெரிக் மால் 2000இல் தொடங்கிய இல்லம், நூலாசிரியர் பெயரை அட்டையில் அச்சிடும் பதிப்பாளரைப் போல, கூட்டியவர் பெயரைப் புட்டியிலேயே பொறித்து ஒரு திருத்தம் செய்தது. ஆனால் அந்த நியாயம் கூட்டியவரோடு நின்றது. சாறு எடுத்தவரும் பூக் கிள்ளியவரும் அதில் இடம்பெறவில்லை.

இந்தியாவில் தனிப்பெயரோடு நறுமண இல்லங்கள் எழுவது புதிதன்று. அசாமின் ஹோஜாயைச் சேர்ந்த ஹாஜி அஜ்மல் அலி 1951இல் மும்பையில் தொடங்கிய அகில், அத்தர் வணிகம் இன்று வளைகுடா நாடுகளில் பெரிய இல்லமாக உள்ளது. கன்னோஜில் செப்புப் பானையும் மூங்கில் குழாயும் கொண்டு சந்தன எண்ணெயின்மேல் மலர் ஆவியை வடிக்கும் முறை இன்றும் வாழ்கிறது. கன்னோஜ் வாசனைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. 2016இல் மும்பையில் தொடங்கிய பாம்பே பெர்ஃப்யூமரி, பிரெஞ்சுக் கலைஞர்களைக் கொண்டு கூட்டிய வாசனைகளுள் ஒன்றுக்கு மதுரை டாக்கீஸ் என்று பெயர் வைத்து, மல்லிகையை அதன் நடுவில் அமர்த்தியது. மல்லிகை மணத்தை மணப்பெண்ணின் கொண்டையிலிருந்து எடுத்துத் திரையரங்கின் மாலைக்காட்சிக்குக் கொண்டுசென்றது துணிவான கற்பனை. பாரிசின் ஷாலிமாரைவிட இதில் ஊர் உண்மையாக இருக்கிறது. எனினும் ஓர் இந்திய இல்லத்திடம் இதற்கு மேலும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்கும் வயலுக்கும் இடையே கடல் இல்லை.

2024இல் எகிப்தின் மல்லிகை வயல்களில் சிறுவர்கள் இரவில் பூப் பறிப்பதை பிபிசி வெளிக்கொணர்ந்தபோது, பெரும் இல்லங்களின் நெறிமுறைச் சான்றிதழ்கள் வயலை எட்டவே இல்லை என்பது தெரிந்தது. புட்டிக்கும் பறிப்பவருக்கும் இடையில் தரகர், ஆலை, மூலப்பொருள் நிறுவனம், கூட்டு நிறுவனம் எனப் பல கைகள் மாறுவதால், ஒவ்வொரு கையும் பொறுப்பை முந்தைய கைக்குத் தள்ளிவிட முடிகிறது. மதுரை மல்லியின் புவிசார் குறியீடு பூவுக்குக் கிடைத்தது. அந்தப் பூ ஆலையில் சாறாகி, அலுமினியக் கலனில் அடைபட்டு, தொகுதி எண் ஒட்டப்பட்டுக் கப்பலேறிய பின் ஊரின் பெயர் அதைத் தொடர்வதில்லை. எந்த ஊர்ப் பூ, எந்தப் பருவத்தில் பறித்தது, விவசாயிக்கு ஒப்பந்த விலை எவ்வளவு என்ற மூன்று செய்திகளையும் அந்தத் தொகுதிச் சீட்டிலேயே எழுதிவைக்கத் தனித் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. நிலக்கோட்டையிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வாங்கும் ஒரு மும்பை இல்லம், முகூர்த்தம் இல்லாத மாதங்களுக்கும் சேர்த்து ஆண்டு முழுதும் ஒரே அடிப்படை விலை பேசி, அந்தச் சீட்டைப் புட்டியின் பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினால், ஐரோப்பிய இல்லங்கள் அதற்குக் குறைவான தகவலோடு இந்தியச் சந்தைக்கு வருவது கடினமாகும்.